ஓர் அடுப்புக்கு ஒரு வில்லை

தாரணியின் உடம்பில் போதுமான ரத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை அவளுடைய மாமனாரின் இடது கைதான் சொல்ல வேண்டும். சில வருடங்களாக நாட்டில் அதுதான் வழக்கம். அவள் எத்தனை தடவை தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டாலும், நாலு படி ஏறுவதற்குள் எத்தனை தடவை மூச்சு வாங்கினாலும், அதெல்லாம் எங்கேயும் பதிவாகாது.

புதூர் சுகாதார நிலையத்தில், மருந்து கொடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று விரலை வைத்தாள். திரை கொஞ்சம் யோசித்துவிட்டுப் பச்சையாக மலர்ந்தது. ‘உங்கள் அடுப்பில் இரும்புச்சத்து நிறைவாக உள்ளது. வாழ்த்துகள்’ என்றது. ஓர் அடுப்பில் சமைத்து உண்ணும் குடும்பம் முழுவதும் அதற்கு ஒரே கணக்கு. மருந்து விழுகிற தட்டு மூடியபடியே இருந்தது. போன மாதமும் இதே வாழ்த்துதான். போன வருடம் அவளுடைய முதல் குழந்தை ஆறாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அடங்கிப்போனதே, அதற்கு முந்தின நாளும் இதே வாழ்த்துதான்.

நர்ஸ் ரெஜினா அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டுபோய் ஜன்னலோரம் உட்கார வைத்தாள். ரெஜினா ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது ரத்தம் எடுக்கிற ஊசியும் இல்லை, பரிசோதனைக் கூடமும் இல்லை. தாரணியின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

“சொல்லுங்கக்கா. ரொம்ப வெளுத்துக் கெடக்குதா?”

“துவைச்ச வேட்டியாட்ட இருக்குது. ஆனா நான் பாத்துச் சொன்னா அது மருந்து குடுக்காது அம்மிணி. உன்ற மாமனார் கையில, தோலுக்கடியில வெச்சிருக்கற வில்லை சொல்லோணும்.”

கோயம்புத்தூருக்குப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினால் என்ன என்று தாரணி கேட்டாள். எங்கே போனாலும் முதலில் வில்லையைத்தான் பார்ப்பார்கள், வில்லை ‘தேவையில்லை’ என்று சொன்ன மருந்தை எந்த டாக்டரும் தொட முடியாது என்றாள் ரெஜினா. கீரையும் மாத்திரையும் போதும் என்கிற கட்டத்தைத் தாரணி தாண்டிவிட்டாள். இரும்புச்சத்தை நேராக ரத்தத்தில் ஏற்ற வேண்டும், பிள்ளை பிறக்கிறவரை விட்டுவிட்டு ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தடவை பிள்ளையோடு நிற்காது. அதை ரெஜினா வாயால் சொல்லவில்லை. தாரணியின் கையைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது.

“எதுக்குங்கக்கா ஒரு ஊட்டுக்கு ஒண்ணே ஒண்ணு வெச்சாங்க?”

“ஆளுக்கொண்ணு குடுத்தா கட்டுபடியாகாதாமா. மொதல்ல பட்டணத்துல அடுக்குமாடி ஊடுகள்ல வெச்சுப் பாத்தாங்க. அங்க எல்லாரும் ஒரே மேசையில ஒண்ணா உக்காந்து, ஒரே பாத்திரத்துல எடுத்து உண்டாங்க. ஒருத்தரைப் பாத்தாப் போதும், ஊட்டையே பாத்தாப்பல. அங்க அது சரியாத்தான் இருந்துச்சு.” ரெஜினா இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தாள். “அதையே நாட்டுக்கெல்லாம் வெச்சுட்டாங்க. நம்ம ஊடுகள்ல யாரு மொதல்ல உக்கார்றாங்க, யாரு கடைசியா சட்டியச் சொரண்டறாங்கன்னு ஒருத்தரும் கேக்கலை.”

பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, ஒரே ஒரு வழி இருக்கிறது என்றாள். தனி அடுப்பு. அடுப்பைப் பிரித்துவிட்டோம் என்று புருஷனும் பெண்சாதியும் எழுதிக் கொடுத்தால், ஆள் வந்து பார்த்துவிட்டுப் புது அடுப்புக்குப் புது வில்லை கொடுப்பார்கள்.

புதூரில் மருமகள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போவாள், வருவாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடுப்பைப் பிரித்தால் அது தலைமுறைக்கும் பேச்சு. எந்த வீட்டில் அடுப்பு பிரிந்தது, எந்த மருமகளால் பிரிந்தது என்று, செத்தவர்களைப் பற்றிக்கூட இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

“இன்னொண்ணு இருக்குது, அதையும் கேட்டுக்க” என்றாள் ரெஜினா. “பொய்யா அடுப்பப் பிரிச்சு மருந்து வாங்கறாங்கன்னு ஒரு பூட்டுப் போட்டிருக்கறாங்க. என்ன உண்டோம்னும் வில்லைக்குத் தெரியும். ஒரே நாள்ல, ஒரே சோறு, பழைய அடுப்பு வில்லை, புது அடுப்பு வில்லை ரெண்டுலயும் தெரிஞ்சுதுன்னா ரெண்டும் ஒரே அடுப்புன்னு முடிவு பண்ணி உன்றதை அடைச்சுரும். அப்பறம் ஒரு வருசத்துக்குத் தொறக்காது. புள்ள பொறக்கற வரைக்கும் அவிய சோத்துல நீ கை நனைச்சறாத.”

*

மாமியார் கொடுமைக்காரியாக இருந்திருந்தால் தாரணிக்கு எல்லாமே சுலபமாக இருந்திருக்கும். சுகன்யா அப்படி இல்லை. தாயில்லாத பெண் என்று தெரிந்து, கல்யாணமான முதல் வாரத்திலேயே தாரணியின் தலையை மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டவள். முதல் குழந்தை போனபோது தாரணியைவிட அதிகமாக அழுதவள். “என்ற சாமி, என்ற சாமி” என்று அவள் அன்று அரற்றியது இன்னும் தாரணியின் காதில் இருக்கிறது.

வில்லை ஊருக்கு வந்த நாளைப் பற்றிச் சுகன்யா பெருமையாகச் சொல்லுவாள். வீட்டில் யாருக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முகாமில் சொன்னார்களாம். அதற்கென்ன கேள்வி? வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் முதலில் அவருக்குத்தானே. புருஷன் பழனிவேலுக்குத் திருநீறு பூசி, புது வேட்டி கட்டி அனுப்பினாள். அந்தத் தெருவில் ஒரு வீடு மிச்சமில்லாமல் எல்லா வீட்டுப் பெண்களும் அதையேதான் செய்தார்கள். திரும்பி வந்தவரின் இடது கையில், தோலுக்கு அடியில் சோளப்பொரி அளவுக்கு ஒரு மேடு. அதற்கு ஆரத்தி எடுத்துத்தான் உள்ளே கூப்பிட்டாளாம்.

அதன் பிறகு நடந்ததை எந்த விஞ்ஞானியும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். வில்லை நல்ல அளவு காட்டினால் வாசலில் பச்சைப் பலகை. குறைவாகக் காட்டினால் மஞ்சள், பிறகு சிவப்பு, பிறகு ஊட்டச்சத்து அலுவலர் வந்து தெருவில் நாலு பேர் பார்க்க விசாரிப்பார். வீட்டில் எது நல்லது சமைத்தாலும் அதை வில்லை பார்க்க வேண்டும் என்பது மெல்ல மெல்லச் சட்டமாகிவிட்டது. முட்டை வில்லைக்கு. முருங்கைக்கீரை வில்லைக்கு. பழனிவேல் சாப்பிட உட்கார்ந்தால் சாமிக்குப் படையல் போடுவதுபோல ஒவ்வொன்றாக வரும். அவர் எழுந்த பிறகு மகன் மிதுன், தாரணியின் புருஷன். மிதுன் எழுந்த பிறகு, சோறும் ரசமும் ஒட்டிக்கொண்டிருக்கும் பாத்திரங்களோடு மாமியாரும் மருமகளும்.

தாரணி மறுபடியும் உண்டானது தெரிந்ததும் சுகன்யா சோமனூர் சந்தைக்கு ஆள் அனுப்பிச் சுவரொட்டி வாங்கினாள். ஆட்டின் மண்ணீரலான சுவரொட்டி ரத்தம் ஊறுவதற்குச் சாப்பிடுகிற கறி. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வதக்கினால் வீடே மணக்கும். வதக்கி, மருமகளைக் கூப்பிட்டு வாசம் பிடிக்கச் சொல்லிவிட்டு, மொத்தத்தையும் புருஷனின் தட்டில் வைத்தாள்.

“இது உனக்குன்னு வாங்குனது கண்ணு. வில்லை பாத்துட்டா உன்ற கணக்குல சேந்துரும். ஆஸ்பத்திரியில உன்னைய நல்லாப் பாத்துக்குவாங்க.”

தாரணி ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவர் சாப்பிடுவது அவருடைய ரத்தத்தில்தானே சேரும் என்று கேட்டாள். சுகன்யா, பள்ளிக்கூடத்தில் படித்தவள் இப்படிக் கேட்கிறாளே என்பதுபோலப் பார்த்துச் சிரித்தாள். எல்லாம் ஒரே அடுப்புத்தானே. ரேஷன் அட்டையில் ஒருவர் கைநாட்டு வைத்தால் எல்லாருக்கும் அரிசி வருகிறது, அதுபோலத்தானே இதுவும். அரசாங்கமே அப்படித்தானே சொல்கிறது.

பழனிவேல் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். கறி மிதமிஞ்சிப்போய் அவருக்குக் கொஞ்ச நாளாக வலது கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்திருந்தது. யாரும் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

*

மிதுனிடம் சொல்ல வீட்டில் இடமில்லை. வீட்டோடு இருந்த தறிக்கூடத்தில் பேசினால் தறிச் சத்தத்தில் காதில் விழாது, அடுப்படியில் பேசினால் எல்லார் காதிலும் விழும். சுகாதார நிலையத்திலிருந்து திரும்பும்போது குளத்து மேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அங்கேயே சொல்லி முடித்தாள்.

மிதுன் அவளை மனதாரப் பிடித்துக் கட்டிக்கொண்டவன். தறியில் நிற்கும்போதுகூட அவள் அந்தப் பக்கம் போனால் நூல் அறுந்ததைக் கவனிக்காமல் நிற்பவன் என்று தறிக்கூடத்தில் கேலி செய்வார்கள். ஆனால் அவன் அம்மா பிள்ளையும்தான். பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமே, நான் அப்பாவிடம் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்கிறேனே என்று என்னென்னவோ சொன்னான். வில்லையின் அளவு இறங்கவே மாதக்கணக்காகும், அதற்குள் தனக்கு ஏழாம் மாதம் வந்துவிடும் என்றாள் தாரணி.

“அடுப்பப் பிரிச்சா அம்மா தாங்காது தாரணி.”

“நான் தாங்குவனுங்களா?”

சரி, அம்மாவிடம் நானே பேசுகிறேன் என்றான். அவள் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்: முதல் பிள்ளையைப் பற்றி மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம். போன வருடமும் சுகன்யா அப்படித்தான் சந்தைக்கு ஆள் அனுப்பினாள், அப்படித்தான் தட்டில் வைத்தாள். தன் கையால் வைத்ததுதான் அந்தக் குழந்தையை யாருக்கும் தெரியாமல் கொன்றது என்று தெரிந்தால் அவள் உயிரோடு இருக்க மாட்டாள்.

மிதுன் தலையாட்டினான். ஆனால் காரணத்தைச் சொன்னால் அந்த இடத்தில்தான் போய் நிற்கும் என்று பயந்து, அவன் காரணத்தையே மாற்றிவிட்டான். அடுத்த நாள் சாயங்காலம் அடுப்படி வாசலில் நின்று, “தாரணிக்குத் தனியா இருக்கோணுமாமா” என்றான்.

உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த சுகன்யாவின் கை நின்றது. தாரணி அங்கேதான் இருந்தாள். ‘அப்படி இல்லைங்கத்தை’ என்று சொல்ல வாயெடுத்தவள், அதற்குப் பிறகு வரப்போகும் கேள்வியை நினைத்து அப்படியே விழுங்கினாள். அவன் சொன்ன சொல்லில் தான் கெட்டவளாவதா, அல்லது ஒரு சொல்லில் இவளைக் கொல்வதா? கெட்டவளாவது சுலபமாகத் தெரிந்தது.

“நான் என்ன கண்ணு கொறை வெச்சேன்?” என்று சுகன்யா கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள்.

*

தறிக்கூடத்தை ஒட்டியிருந்த நூல் அறையைக் காலி செய்து புது அடுப்பு வைத்தார்கள். அலுவலர் வந்து பார்த்தார். பாலைக் காய்ச்சச் சொன்னார், குறித்துக்கொண்டார், வில்லைப் பெட்டியைத் திறந்துகொண்டே மிதுனின் இடது கையைப் பிடித்து இழுத்தார். மிதுனும் சட்டைக் கையை மடித்துவிட ஆரம்பித்தான். தாரணி இருவருக்கும் நடுவில் தன் கையை நீட்டினாள். அலுவலர் ஒரு கணம் விழித்துவிட்டு, விதியில் தடையில்லைதான் என்று முனகியபடி மருந்துப் பஞ்சை எடுத்தார். மிதுன் கூச்சத்தோடு சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

மறுவாரமே சுகாதார நிலையத்துத் திரை சிவப்பாக எரிந்தது. ரெஜினா அன்றைக்கே அவளைப் படுக்க வைத்து ஊசி ஏற்றினாள்; ஏற்றும்போது சிவப்பைப் பார்த்துச் சிரித்தவள் தாரணி ஒருத்தியாகத்தான் இருப்பாள். வாரங்கள் போகப் போக மூச்சு வாங்குவது குறைந்தது. வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது. அது உதைத்த இடத்தில் மிதுன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

புது அடுப்பில் அவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கல்யாணமாகி இத்தனை நாளில் அவன் சாப்பிடுவதைத் தட்டுக்கு மேலே நின்றுதான் பார்த்திருக்கிறாள். முகத்துக்கு நேரே பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவன் தக்காளித் தோலை ஒதுக்கி வைப்பான் என்பதே அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. முட்டையில் பாதியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்துவிட்டு, வேறெங்கோ பார்ப்பான்.

ஆனாலும் அந்த அறை சிறையாகத்தான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சுகன்யா கொள்ளு கடைந்தால் வாசனை வரும், கிண்ணம் வராது. வந்தாலும் வாங்க முடியாது. மாமியார் பேச்சை நிறுத்தியிருந்தாள். தண்ணீர்த் தொட்டிக்கருகில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிட்டாள், விருந்தாளிக்கு விடுவதுபோல. கடைக்குப் போனால் பெண்கள் தாரணியின் வயிற்றைப் பார்த்து விசாரிப்பார்கள், அவள் திரும்பியதும் அடுப்பைப் பற்றிப் பேசுவார்கள். மருந்து ஏறுகிற ஒவ்வொரு நாளும் அவள் பிழைத்துக்கொண்டாள், ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்கு வேற்றாளாகிக்கொண்டும் இருந்தாள்.

ஏழாம் மாதம் பிறந்தபோது ஒருநாள் சுகன்யா நூல் அறை வாசலில் வந்து நின்றாள். கண்கள் வேறெங்கோ இருந்தன.

“வர்ற ஞாயித்துக்கெழமை கட்டுச்சோறு வெச்சிருக்கறேன். சொந்தம் ஒறம்பரைக்கெல்லாம் சொல்லியாச்சு. உங்கம்மா இருந்தா அவிய ஆக்கிட்டு வந்திருப்பாங்க. இல்லாததுக்கு நான் ஆக்கறேன்.” போகத் திரும்பியவள் நின்றாள். “ஊருல ஆயிரம் பேசட்டும். ஒருநாளு எல்லாரும் ஒண்ணா உக்காந்து உண்டாப் போதும் எனக்கு.”

இத்தனை நாள் தாரணி ஏங்கிய குரல் அது. வந்ததும் வந்தது, கழுத்தில் சுருக்காக வந்தது. கட்டுச்சோறு என்றால் தாய்வீட்டார் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு வந்து, கர்ப்பிணிக்கு ஊட்டிவிட்டு, சொந்தமெல்லாம் உட்கார்ந்து அதே சோற்றைச் சாப்பிடுவது. வீட்டுக்குப் பெரியவர் முதல் கை வைக்க வேண்டும். பழனிவேலின் வில்லை, தாரணியின் வில்லை, ஒரே நாள், ஒரே சோறு. திங்கட்கிழமை காலையில் அவளுடைய வில்லை அடைபட்டுவிடும். இன்னும் இரண்டு மாதம் ஏற வேண்டிய மருந்து நின்றுவிடும். ஊசி நின்றால் ஏறின ரத்தம் பிரசவம்வரை தாங்காது என்று ரெஜினா முன்பே சொல்லியிருந்தாள்.

சாப்பிடாமல் இருந்தால்? மாமியார் தன் கையால் ஆக்கி, சொந்தக்காரர்கள் முன்னால் ஊட்ட வரும் சோற்றைத் தள்ளிவிட்ட மருமகளுக்கு அதன் பிறகு அந்த வீட்டில் நிற்க இடமிருக்காது. மிதுன் அந்த வாரம் முழுவதும் யோசனை சொன்னான். காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம். ஆனால் சுகன்யா படுக்கைக்கே வந்து ஊட்டுவாள். அப்பாவை அன்றைக்கு வெளியூர் அனுப்பிவிடலாம். பேரப்பிள்ளை விருந்தில் தாத்தா இல்லாமலா? ஒவ்வொரு வழியும் நாலடி போய்ச் சுவரில் முட்டி நின்றது.

*

ஞாயிற்றுக்கிழமை பந்தல் நிறைய ஆட்கள். அடுப்படியில் புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு, அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு என்று அகன்ற பாத்திரங்கள். சுகன்யா விடிவதற்கு முன்பே எழுந்து ஒற்றை ஆளாக ஆக்கியிருந்தாள். வெளியே வரிசையாக இலை போட்டு, நடு இலையில் பழனிவேலை உட்கார வைத்திருந்தார்கள். பட்டுப்புடவையில் தாரணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாத்திரத்தை எடுக்கச் சுகன்யா உள்ளே போனதைப் பார்த்ததும் அவளுடைய கால்கள் தானாக எழுந்து பின்னாலேயே போயின.

“அத்தை. இந்தச் சோத்தை மாமா உண்டாங்கன்னா நான் உண்ண முடியாதுங்க.”

சுகன்யா பாத்திரத்தைப் பிடித்தபடியே திரும்பினாள். “மாமன் உண்ட சோறு உனக்கு ஆகாதாக்கு? இன்னிக்குமா கண்ணு?”

தாரணி வளையல்களை மேலே தள்ளி முழங்கை மடிப்பைக் காட்டினாள். ஊசி ஏறிய இடமெல்லாம் கருத்துப் புள்ளி புள்ளியாக இருந்தது. மிதுன் சொன்னது பொய், தனியாக இருக்க ஆசைப்பட்டு அடுப்பைப் பிரிக்கவில்லை என்றாள். வில்லை மாமாவின் ரத்தத்தை மட்டும்தான் பார்க்கிறது, அதில் நிறைவு என்று காட்டுகிறவரை தனக்கு மருந்து கிடையாது, இன்று இரண்டு வில்லையும் ஒரே சோற்றைப் பார்த்தால் மருந்து நின்றுவிடும் என்று எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் சொல்லி முடித்தாள். வெளியே யாரோ, நல்ல நேரம் போகிறது என்று குரல் கொடுத்தார்கள்.

சுகன்யாவின் கண்கள் தாரணியின் கையிலேயே நின்றன. உதடுகள் எதையோ கணக்குப் போடுவதுபோல மெல்ல அசைந்தன.

“அப்ப, நான் அவருக்கு வெச்சதெல்லாம்?”

தாரணி வளையல்களைக் கீழே இறக்கிவிட்டாள்.

“உன்ற வயித்துக்குன்னுதானே கண்ணு வெச்சேன்.”

“தெரியுமுங்கத்தை.”

“மொதப் புள்ளைக்கும் அப்பிடித்தானே வெச்சேன்.”

இத்தனை மாதமும் தாரணி பயந்துகொண்டிருந்த இடம் இதுதான். அவள் தரையைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம், நாக்கு எழவில்லை. அவளுடைய மௌனத்தைச் சுகன்யா முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டுப் பாத்திரத்தை இடுப்பில் ஏந்தி வெளியே நடந்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று தாரணிக்குத் தெரியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுகன்யா நடு இலைக்கு முன்னால் போய் நின்றாள். பழனிவேல் வழக்கம்போலத் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்துவிட்டுக் காத்திருந்தார்.

“எந்திரிங்க” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“எந்திரிங்க சாமி. இன்னிக்கு உங்களுக்கு இந்தச் சோறு இல்லை.”

பந்தல் முழுவதும் பேச்சு நின்றது. இலையில் உட்கார்ந்தவரை எழுப்புவதா என்று பழனிவேலின் சித்தப்பா எகிறிக்கொண்டு எழுந்தார். என்ன குடும்பம் இது, மருமகள் அடுப்பைப் பிரித்தாள், மாமியார் புருஷனையே இலையிலிருந்து பிரிக்கிறாள் என்றார். ஒரு பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆனால் சுகன்யா நகரவில்லை. பழனிவேல் மனைவியின் முகத்தையே பார்த்தார். முப்பது வருடத்தில் அந்த முகம் தனக்கு ஒரு தடவையும் மறுத்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். தரையில் கையை ஊன்றி, வீங்கின காலை மெல்ல நகர்த்தி எழுந்தார். கோபப்படுவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, நெடுநேரம் வகுப்பில் நிறுத்தி வைத்து, போகலாம் என்று விட்ட பையனைப்போல அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பந்தலைத் தாண்டி வெளியே போய்விட்டார்.

சுகன்யா தாரணியைக் கைப்பிடித்து அழைத்து வந்து அந்த நடு இலைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். அரிசியும் பருப்பும் சேர்ந்த சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து முதல் கவளத்தை ஊட்டினாள். இரண்டாவது கவளம், மூன்றாவது கவளம். நாலாவதைத் தாரணி வாங்கவில்லை. நீங்களும் உட்காருங்கத்தை என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

சுகன்யா சுற்றிலும் பார்த்தாள். பிறகு, புருஷன் எழுந்துபோன இலையில் உட்கார்ந்தாள். விருந்தில் பாத்திரம் காலியாவதற்கு முன்னால் அவள் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. முதலில் கூச்சத்தோடு ஒரு வாய் வைத்தாள். பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, பசித்த பிள்ளைபோல, அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். பந்தலில் மெல்ல மறுபடியும் பேச்சு கிளம்பியது. பரிமாறுகிறவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள். மிதுன் தண்ணீர்ச் செம்போடு வந்து, அம்மாவின் டம்ளரை நிரப்பிவிட்டுப் பின்னாலேயே நின்றான்.

தாரணி மாமியாரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றைப் பிசைகிற அந்த விரல்களின் நகங்கள் வெளுத்து, நடுவில் கரண்டிபோலக் குழிந்திருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அதில் நிற்கும். ரத்தம் வற்றிப்போனால் நகம் அப்படித்தான் ஆகும். போன மாதம்வரை தன் நகங்களும் அப்படித்தான் இருந்தன. அடுப்பைப் பிரித்துக்கொண்டு தான் இந்தப் பக்கம் வந்துவிட்ட பிறகு, அந்தப் பக்கத்தில் இவளை யார் பார்க்கிறார்கள்? இன்று போகட்டும், நாளைக்கு மறுபடியும் தட்டு அவருக்குப் போகும், வில்லை மறுபடியும் வாழ்த்துச் சொல்லும். இதை எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது, சுகன்யா அவளுடைய பார்வையைப் பார்த்துவிட்டாள். பிசைவதை நிறுத்தித் தன் நகங்களையே ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டாள். மருமகளின் இளஞ்சிவப்பு நகங்களைப் பார்த்தாள்.

“ஏங்கண்ணு” என்றாள் வாயிலிருந்த சோற்றை விழுங்கிவிட்டு. குரல் சாதாரணமாக, கடைக்கு வழி கேட்பதுபோல இருந்தது. “நான் ஒரு தனி அடுப்பு வெக்கோணும்னா யாருகிட்டப் போயிக் கேக்கோணும்?”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துத் தாரணி சிரிக்கப் போனாள். சுகன்யா சிரிக்கவில்லை. பந்தலுக்கு வெளியே, உண்ணாத கையைக் கழுவுவதா வேண்டாமா என்று தெரியாமல் குழாயடியில் நின்றிருந்த பழனிவேல் திரும்பிப் பார்த்தார்.